காயாகவும் கனியாகவும்: தாய்லாந்துச் சாப்பாட்டில் பழப் பருவம்

தாய்லாந்துச் சுற்றுலா பற்றிய காணொளி எதைத் திறந்தாலும் இரண்டு விஷயம் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, "இங்கே வருஷம் பூரா எல்லாப் பழமும் கிடைக்கும்." இன்னொன்று, தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் இருக்கும் தட்டைக் காட்டி, "சாப்பாடு முடிந்ததும் தாய் மக்கள் சாப்பிடும் இனிப்பு இதுதான்." முதலாவது பாதி உண்மை. இரண்டாவதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால் தாய் சமையலில் பழம் செய்யும் வேலையில் கால்பங்குகூடக் கண்ணில் படாது.

இந்தக் கட்டுரை தாவரவியலும் தாய் சமையலும் பழக்கமில்லாதவர்களுக்காக. வெப்பமண்டல மரம் எப்போது பூக்கிறது, பறித்த காய் எப்படிப் பழுக்கிறது என்ற இரண்டையும் புரிந்துகொண்டால், அங்கே தட்டில் என்ன எப்போது வருகிறது என்பது தானாகப் பிடிபடும்.

பனியே விழாத ஊரில் பருவம் ஏது?

ஆப்பிளுக்குப் பருவம் உண்டு என்றால் புரிகிறது. குளிரில் இலை உதிர்த்து அடங்கிவிடும், வெயில் வந்ததும் துளிர்க்கும். துரியன் மரமோ வருஷம் முழுக்கப் பச்சைப்பசேலென்று நிற்கிறது. பாங்காக்கில் டிசம்பரிலும் மின்விசிறி ஓடுகிறது. பிறகு எதை வைத்து மரம் நாள் குறிக்கிறது?

எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விடை தெரியும். தண்ணீர் தாராளமாகப் பாய்ந்துகொண்டிருந்தால் செடி இலையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பூ வேண்டுமென்றால் சில வாரம் தண்ணீரை நிறுத்திக் காயப்போடுவார்கள். இலை வாடும், கொஞ்சம் உதிரும். அப்புறம் தண்ணீர் விட்டால் கிளை கிளையாகப் பூ. துரியன், மங்குஸ்தான், ரம்புத்தான் மூன்றுக்கும் ஏறக்குறைய இதே குணம்தான். அங்கே தண்ணீரை நிறுத்துவது வானம்.

மரத்துக்குள் நடப்பது இது. மழைக்காலத்தில் மரம் தான் தயாரிக்கும் சர்க்கரையைப் புதுத் தளிருக்குச் செலவழிக்கிறது. மழை நின்று மண் காயத் தொடங்கியதும் தளிர் விடுவது நிற்கிறது. ஆனால் முற்றிய இலைகள் வெயிலில் சர்க்கரை தயாரிப்பதை விடுவதில்லை. கிளைகளில் சேமிப்பு ஏறுகிறது, வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்கள் குறைகின்றன. இந்த நிலை வந்ததும், இலையாக விரிய வேண்டிய மொட்டு பூவாக மாறுகிறது. இதற்குப் பெயர் பூத்தூண்டல். துரியனுக்கு ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து மழை இல்லாமல் இருந்தால் போதும். தப்பான நேரத்தில் ஒரு பெருமழை அடித்தால், பூ வரவேண்டிய மரம் தளிர் விடக் கிளம்பிவிடும். பூ விரிந்தபின் அடித்தால் பூ கொட்டிவிடும்.

லிச்சிக்கும் லாங்கனுக்கும் இரவுக் குளிரும் வேண்டும். அதனால்தான் லாங்கன் தோப்பு என்றாலே வடக்கே சியாங் மாய், லம்பூன் பக்கம் கைகாட்டுகிறார்கள். லாங்கன் நம்மில் பலருக்குப் புதிது. கொத்துக் கொத்தாகத் தொங்கும், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய மங்கலான பழுப்புப் பழம். தோலை உரித்தால் லிச்சியைப் போல ஒளி ஊடுருவும் வெள்ளைச் சதை, நடுவில் பளபளக்கும் கறுப்புக் கொட்டை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வெப்பமண்டலத்தில் பழப் பருவத்தைத் தொடங்கி வைப்பது மழை நிற்கும் நாள். சில மரங்களுக்கு அதோடு கொஞ்சம் குளிரும் தேவை.

ஒரே பழம், இரண்டு கரை

மழை நிற்கும் நாள்தான் கணக்கு என்றால், மழை எல்லா இடத்திலும் ஒரே நாளில் நிற்பதில்லையே? அங்கேதான் தாய்லாந்தின் பழ நாட்காட்டி சுவாரஸ்யமாகிறது.

கம்போடிய எல்லையை ஒட்டிய கிழக்கில் சந்தபுரி, ராயோங், த்ராட் என்று மூன்று மாகாணங்கள். மே நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அங்கே அக்டோபர் கடைசியில் ஓய்கிறது. டிசம்பர், ஜனவரியில் துரியன் பூக்கிறது. பூவிலிருந்து காய் முற்ற ரகத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு மாதம். ஆக ஏப்ரல் முதல் ஜூன்வரை கிழக்கின் காலம். மங்குஸ்தானும் ரம்புத்தானும் அதை ஒட்டியே வந்துவிடும். சந்தபுரியில் பழத் திருவிழா நடப்பதும் இந்தச் சமயத்தில்தான்.

தெற்கே வளைகுடாக் கரையில் இருக்கும் சும்போன், சூரத் தானி, நகோன் சி தம்மராட் மாகாணங்களின் கதை வேறு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து வந்து அந்தக் கரையிலும் கொட்டுகிறது. கிழக்கில் துரியன் பூத்துக் குலுங்கும் டிசம்பரில் தெற்கில் குடை பிடிக்க வேண்டும். அங்கே மண் காய்வது பிப்ரவரி வாக்கில். அதனால் பழம் ஜூலை முதல் செப்டம்பர்வரை. கிழக்கில் வேலை முடிந்ததும் வியாபாரிகளின் கூட்டம் சும்போன் பக்கம் நகரும்.

அப்படியானால் தள்ளுவண்டி? அதில் எல்லா நாளும் பழம் இருக்கிறதே? வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொய்யா, அன்னாசி, தர்பூசணி, பப்பாளி, காய்வெட்டாக மாங்காய். துரியன் இருக்காது, மங்குஸ்தானும் இருக்காது. வாழை இத்தனை இலை விட்டபின் குலை தள்ளும். பப்பாளி வளர்ந்த நாளிலிருந்து காய்த்துக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு நாள் குறிப்பது செடியின் வயது, வானிலை இல்லை. வருஷம் பூரா கிடைக்கும் என்ற பேச்சு வண்டிப் பழங்களுக்குச் சரி. தாய் மக்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கும் பழங்களுக்குச் சரியில்லை.

அந்தக் காத்திருப்புக்கு நல்ல உதாரணம் மாயோங்சித். மாமரத்தின் தூரத்து உறவு, கோழிமுட்டை அளவு, ஆரஞ்சு நிறம். நகோன் நாயோக் மாகாணத்துப் பழத்துக்குத் தனி மதிப்பு. பிப்ரவரி, மார்ச்சில் வந்து சில வாரங்களில் போய்விடும். விலை எப்போதும் ஏறித்தான் இருக்கும், வாங்குகிறவர்களும் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள்.

மரத்தை ஏமாற்றும் வித்தை

மழை நின்றால் பூக்கும் என்று தெரிந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? மா விவசாயிகள் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தை வேரடியில் ஊற்றுகிறார்கள். தளிர் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனை அது மட்டுப்படுத்துகிறது. மரம் வறட்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பூக்கிறது. அக்டோபரில் பாங்காக்கில் கிடைக்கும் மாம்பழம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் மாம்பழத்தின் பக்கத்தில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

லாங்கனின் கதை இன்னும் விசித்திரம். வாணவெடியிலும் தீக்குச்சியிலும் சேர்க்கும் பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பை மண்ணில் கரைத்து ஊற்றினால் லாங்கன் குளிரே இல்லாமல் பூத்துவிடும். 1990களின் கடைசியில் இந்த வித்தை வடக்கே தீயாகப் பரவியது. ஆபத்தும் கூடவே வந்தது. 1999 செப்டம்பரில் சியாங் மாய் மாகாணத்தின் சன் பா தோங் பகுதியில், லாங்கன் பதப்படுத்தும் ஆலையில் வைத்திருந்த இந்த உப்பு வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வித்தை நின்றுவிடவில்லை. இன்று ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களிலும் லாங்கன் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

துரியனையும் மங்குஸ்தானையும் இந்த அளவுக்கு வளைக்க முடியவில்லை. மருந்தும் நீர் நிர்வாகமும் வைத்து துரியனைச் சில வாரம் முன்னே பின்னே இழுப்பார்கள். மங்குஸ்தான் அதற்கும் பிடிகொடுப்பதில்லை. நட்டால் முதல் காய்ப்புக்கே ஏழெட்டு வருஷம் காக்க வைக்கும் மரம் அது.

பறித்தபின் பழுப்பதும் பழுக்காததும்

மரத்தின் கணக்கு முடிந்தது. இனி காயின் கணக்கு.

சில காய்கள் முற்றியபின் பறித்து வைத்தால் தாமே பழுக்கும். மா, வாழை, பப்பாளி, பலா, சீதா, துரியன், மங்குஸ்தான் எல்லாம் இந்த வகை. இவை எத்திலீன் என்ற வாயுவைத் தாங்களே வெளிவிடுகின்றன. அந்த வாயு பட்டதும் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, சதை இளகுகிறது, மணம் எழுகிறது. பழுக்கப் பழுக்க வாயு இன்னும் கூடுவதால், தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம்.

மற்ற வகை, பறித்த நொடியில் இனிப்பு நின்றுபோகும் பழங்கள். ரம்புத்தான், லிச்சி, லாங்கன், அன்னாசி, பம்ளிமாஸ். இவற்றை மரத்திலேயே பழுக்கவிட்டுத்தான் பறிக்க வேண்டும், புளித்த ரம்புத்தானை எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான். அதற்குள் தோலின் மயிரும் கறுத்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தாய் சமையலறை முதல் வகைப் பழங்களை வைத்துத்தான் அதிகம் விளையாடுகிறது. பிஞ்சு, காய், செங்காய், கனி, கனிந்து குழைந்தது என்று அவற்றில் ஒவ்வொரு கட்டமும் தனிப் பொருள். இரண்டாவது வகையில் அவ்வளவு கட்டங்கள் இல்லை, அதனால் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே உரித்துச் சாப்பிடுகிறார்கள்.

கட்டத்துக்கு ஒரு பண்டம்

தாய் சாப்பாட்டில் புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் ஒன்றோடொன்று இழுபறியாக நிற்க வேண்டும். புளிப்புக்கு எலுமிச்சையும் புளியும் இருக்கின்றன, இனிப்புக்குப் பனைவெல்லம், உப்புக்கு மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கும் மீன்சாறு. பழம் இந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்பது அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பப்பாளியை எடுத்துக்கொள்வோம். பழுத்த பப்பாளிக்குத் தாய் சமையலில் பெரிய மரியாதை கிடையாது. காலையில் எலுமிச்சை பிழிந்து இரண்டு துண்டு, அவ்வளவே. பச்சைக் காயோ நாட்டையே ஆள்கிறது. சோம் தாம் என்ற சாலட் அதில்தான் செய்கிறார்கள். கடைக்காரம்மா காயை இடது கையில் ஏந்திக்கொண்டு கத்தியால் நெடுக்குவாட்டில் தடதடவென்று கொத்துவார், பிறகு மேல்பரப்பை ஒரே சீவு, ஈர்க்குச்சி போன்ற கீற்றுகள் உதிரும். உயரமான மண் உரலில் பூண்டும் ஊசிமிளகாயும் முதலில் இடிபடும். அடுத்து பனைவெல்லம், காராமணி, தக்காளி, உலர்ந்த இறால், மீன்சாறு, எலுமிச்சைச் சாறு. கடைசியில்தான் பப்பாளி. அதை இடிப்பதில்லை, உலக்கையால் தட்டிக்கொண்டே இன்னொரு கையில் கரண்டியால் புரட்டிவிடுகிறார்கள். பச்சைக் காய்க்குத் தனக்கென்று சுவை குறைவு, ஆனால் மொறுமொறுப்பு உண்டு, சாற்றை வாங்கிக்கொள்ளும். பழுத்ததைப் போட்டால் கூழாகிவிடும்.

மாங்காய் விஷயத்தில் நமக்கு அறிமுகமே தேவையில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற நாக்கு. அங்கே தொட்டுக்கொள்வது உப்பு, சர்க்கரை, மிளகாய் மூன்றும் கலந்த தூள். பழவண்டிக்காரர் காயை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மூங்கில் குச்சி செருகி, இந்தத் தூளைச் சின்னப் பொட்டலமாகக் கூடவே தருவார். வீட்டில் என்றால் "நாம் ப்ளா வான்" என்ற தொடுகறி. பனைவெல்லத்தை மீன்சாற்றில் கெட்டியாகக் காய்ச்சி, சின்ன வெங்காயம், உலர்ந்த இறால், மிளகாய் தூவிய குழம்பு. கேட்பதற்கு ஒரு மாதிரி இருக்கும். புளித்த மாங்காயின் மேல் அது பட்டதும் சங்கடம் போய்விடும்.

பச்சையாகத் தின்பதற்கென்றே கியாவ் சவோய் போன்ற ரகங்கள் இருக்கின்றன. முற்றியபின் தோல் பச்சையாக இருக்கும்போதே கடித்தால் இனிப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்து வரும். ஒட்டரிசிக்கு "நாம் டோக் மாய்", "ஓக் ரோங்" என்ற ரகங்கள், நன்றாகக் கனிந்தபின். ஆவியில் வெந்த ஒட்டரிசியைச் சூடு ஆறுவதற்குள் சர்க்கரையும் உப்பும் கரைத்த தேங்காய்ப்பாலில் போட்டு மூடிவைக்க வேண்டும், ஆறிய அரிசி பாலை உறிஞ்சாது. மேலே ஊற்றும் கெட்டிப் பாலில் உப்பு தூக்கலாக இருக்கும். அந்த உப்புதான் பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டுகிறது. இந்தப் பண்டம் கொளுத்தும் வெயில்காலத்துக்கு உரியது, மார்ச் முதல் மே வரை. 2022 ஏப்ரலில் மில்லி என்ற தாய் ராப் பாடகி அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் இதைக் கிண்ணத்தோடு எடுத்துவந்து சாப்பிட்டார், அடுத்த நாளே ஊரில் ஆர்டர்கள் குவிந்தன. நல்லவேளை, அது சரியான மாதம்.

பலாவில் பிஞ்சுக்கு வடக்கே தனி மதிப்பு. பலாப்பிஞ்சைப் பன்றி விலா எலும்போடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். சோங்க்ரான் புத்தாண்டு முடிந்து ஏப்ரல் 16 அன்று வடக்கத்தி வீடுகளில் இந்தக் குழம்பு வைப்பது வழக்கம், வருஷம் முழுக்கத் துணைநிற்கும் என்று நம்பிக்கை. வாழையிலும் அப்படித்தான். பூ நூடுல்ஸோடு பச்சையாகத் தட்டோரத்தில் வரும், செங்காய் தேங்காய்ப்பாலில் வேகும், கனிந்தது வெயிலில் காயும்.

மங்குஸ்தானைக்கூட விட்டுவைக்கவில்லை. நகோன் சி தம்மராட்டில் பழுக்காத பச்சை மங்குஸ்தானைத் தோல் சீவி, பால் வழிய வழிய உப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளைவெளேரென்று குச்சியில் குத்தி விற்கிறார்கள். ஒரு குச்சி மங்குஸ்தானுக்குச் செலவாகும் உழைப்பைப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றாது.

பழுத்த மங்குஸ்தான் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூவைப் போல ஒரு சின்ன முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. குற்றாலம் சீசன் கடைகளிலும் பர்லியாறு பக்கமும் வாங்குகிறவர்கள் அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். இதழ் அதிகம் உள்ளதை எடுத்தால் சுளைகள் சிறுத்திருக்கும், கொட்டையும் பெரும்பாலும் பொடிசாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வகைப் பழங்களும் குழம்புக்கு வருவதுண்டு. வாத்துக்கறிச் சிவப்புக் குழம்பில் அன்னாசியோ லிச்சியோ போடுவார்கள், கொழுப்பை வெட்ட. பம்ளிமாஸ் சுளையை உதிர்த்து, வறுத்த தேங்காய்த்துருவல், வேர்க்கடலை, உலர்ந்த இறாலோடு கலந்தால் சாலட். எல்லாம் சோற்றோடு சாப்பிடுபவை. இனிப்புத் தட்டு தனியாக வரும்.

சரி, ஒரு மூச்சு விட்டுத் திரும்பிப் பார்ப்போம். மரம் பூக்கும் நாள் பருவத்தைத் தீர்மானிக்கிறது. காய் எந்தக் கட்டத்தில் பறிக்கப்படுகிறது என்பது அது குழம்பா, சாலடா, இனிப்பா என்பதைத் தீர்மானிக்கிறது.

துரியன்: எந்த நாளில் வெட்டுவது?

இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடம் துரியன். மலேசியாவில் துரியன் தானாக விழும்வரை காத்திருப்பார்கள். சதை குழைந்து, மணம் உச்சத்துக்குப் போய், கசப்பும் எட்டிப்பார்க்கும். தாய்லாந்தில் மரத்தில் ஏறி வெட்டுகிறார்கள். தாய் நாக்குக்கு வெளியே லேசாக மொறுமொறுப்பும் உள்ளே மெழுகுபோன்ற வழவழப்பும் வேண்டும், மணம் அடங்கியிருக்க வேண்டும். எது உசத்தி என்று இரண்டு நாட்டுக்காரர்களும் முடிவில்லாமல் சண்டை போடலாம். துரியனுக்குப் புதியவர் என்றால் தாய் முறையில் தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி.

வெட்டுவதிலும் சிக்கல் உண்டு. துரியன் பறித்தபின் பழுக்கும் வகைதான், ஆனால் முற்றாமல் வெட்டினால் சதை மென்மையாகுமே தவிர இனிப்பு வராது. சீசன் தொடக்கத்தில் விலை உச்சத்தில் இருப்பதால் பிஞ்சு வெட்ட ஆசை வரும். அதைத் தடுக்க உலர்பொருள் அளவு பார்க்கிறார்கள். சதையை உலர்த்தித் தண்ணீரை எல்லாம் நீக்கியபின் மிஞ்சும் எடை எத்தனை சதவீதம் என்பதே அது. மோந்தோங் ரகத்துக்கு 32 சதவீதம், சனீ ரகத்துக்கு 30. கிழக்கு மாகாணங்களில் எந்த ரகத்தை எந்தத் தேதியிலிருந்து வெட்டலாம் என்று ஒவ்வொரு வருஷமும் அதிகாரிகள் அறிவிக்கிறார்கள். முற்றாததை விற்றால் வழக்குப் போட முடியும். பெரும்பகுதி சீனாவுக்கு ஏற்றுமதியாவதால் ஒரு கெட்ட பெட்டி பல தோப்பைப் பாதிக்கும் என்ற பயம்.

தோப்பில் வேலை செய்கிறவர்களிடம் அளவுமானி கிடையாது. பூ விரிந்த நாளைக் குறித்து வைத்து, கிளைகளில் வெவ்வேறு நிறக் கயிறு கட்டிவிடுவார்கள். மோந்தோங் என்றால் ஏறக்குறைய 120 நாள். நாள் நெருங்கியதும் ஒருவர் மேலே ஏறி, கத்தியின் பின்புறத்தால் காயைத் தட்டிச் சத்தம் கேட்பார். முற்றியதில் சதை சுளையறையிலிருந்து விலகி நிற்பதால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். வெட்டிய காயை மேலிருந்து போட, கீழே ஒருவர் கோணிப்பையை விரித்துச் சுழற்றிப் பிடிப்பார். மூன்று கிலோ முள்பந்து.

ஒரு காலத்தில் துரியனுக்குப் பேர்போன இடம் பாங்காக்கை ஒட்டிய நோந்தபுரி. வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேடாக்கி, மேட்டில் மரம் வைத்த பழைய தோட்டங்கள். நகரம் அவற்றில் பாதியை விழுங்கியது, 2011 வெள்ளம் மிச்சத்தில் பெரும்பகுதியை அழுக வைத்தது. துரியன் வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. தப்பிய மரங்களின் பழம் இன்று ஆடம்பரப் பொருள். 2019இல் நோந்தபுரியின் கன் யாவ் ரகப் பழம் ஒன்று ஏலத்தில் 15 லட்சம் பாத் (தாய் நாணயம்) விலைக்குப் போனது.

சூடும் குளிர்ச்சியும்

துரியன் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. தாய் வீடுகளில் இதைக் கேட்காமல் ஒரு துரியன் சுளை இறங்காது. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். அங்கேயும் இங்கேயும் இது தெர்மாமீட்டரில் வரும் சூடு இல்லை, உடம்பு எப்படி உணர்கிறது என்ற பாகுபாடு. துரியன் நிறையத் தின்றால் வாய்ப்புண் வரும், உடம்பு கொதிக்கும் என்பார்கள். பரிகாரமாக மங்குஸ்தான் நாலு, அல்லது துரியன் ஓட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது. மருத்துவம் இதை ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. 100 கிராமில் ஏறக்குறைய 150 கலோரி இருக்கும் பழத்தை ஒரே மூச்சில் அரைக்கிலோ தின்றால் உடம்பு எதையாவது சொல்லத்தான் செய்யும். ஆனால் இந்த ஜோடி ஏன் இவ்வளவு உறுதியாக நிலைத்தது என்பதற்கு எளிய காரணம் இருக்கிறது. இரண்டு மரமும் ஒரே தோப்பில், ஒரே வறட்சியில் பூத்து, ஒரே சமயத்தில் காய்க்கின்றன. ஒன்று இருக்கும் கடையில் மற்றொன்றும் இருக்கும்.

மிஞ்சியதற்கு வழி

ஒரே மாதத்தில் மலையாகக் குவிந்தால் தின்று தீர்க்க முடியாது. துரியனைச் சர்க்கரையோடு கிண்டிப் பசையாக்குகிறார்கள், முற்றாத சதையைச் சீவி வறுவலாகப் பொரிக்கிறார்கள். பிட்சனுலோக் மாகாணத்தின் பாங் க்ரதும் வாழைப்பழத்தை வெயிலில் காயவைப்பதற்குப் பெயர்பெற்ற ஊர். பெட்சபூன் மாகாணத்து இனிப்புப் புளி டிசம்பர், ஜனவரியில் உலுக்கி எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது. நம் குழம்புப் புளியை மனதில் வைத்துக்கொண்டு வாயில் போட்டால் திகைப்பீர்கள், பேரீச்சை கணக்காக இனிக்கும்.

எந்தப் பருவமும் இல்லாத பழங்களும் உண்டு. லூக் சுப் என்று பாசிப்பருப்புப் பசையில் நகத்தளவு மாம்பழம், மங்குஸ்தான், மிளகாய் எல்லாம் உருட்டி, வண்ணம் தீட்டி, கடற்பாசிக் குழம்பில் முக்கிப் பளபளக்க வைப்பார்கள். அயுத்தயா தலைநகராக இருந்த பழைய காலத்தில் வந்த போர்த்துக்கீசியரின் பாதாம் இனிப்பிலிருந்து பிறந்தது. பாதாமுக்குப் பதில் கைக்குக் கிடைத்தது பருப்பு.

போகிறவர்களுக்கு

துரியனும் மங்குஸ்தானும் ஒருசேர வேண்டுமென்றால் மே கடைசி, சந்தபுரி. ரம்புத்தானுக்கு ஆகஸ்டில் சூரத் தானி. அங்கே பிறந்த ரோங் ரியன் ரகத்தில் சதை கொட்டையை விட்டுச் சுத்தமாகக் கழன்று வரும். லாங்கனுக்கு ஜூலை, ஆகஸ்டில் லம்பூன். மழை நாட்களில் பாக் சோங் பக்கம் சாலையோரம் கூடை கூடையாகச் சீதாப்பழம்.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள்தான் அதிகம், அவர்கள்தான் துரியன் விலை பார்த்து மலைக்கிறார்கள். அப்போது பம்ளிமாஸ் வாங்குங்கள், நகோன் பதோம், சமுத் சோங்க்ராம் பக்கத்துப் பழமாக. அன்று பறித்தது வேண்டாம். பறித்து ஒன்றிரண்டு வாரம் ஆகித் தோல் லேசாகச் சுருங்கியதைக் கேளுங்கள். பறித்தபின் இனிப்புக் கூடாத வகைதான், ஆனால் புளிப்புக் குறைந்து, தண்ணீர் கொஞ்சம் வற்றிச் சாறு திரண்டிருக்கும். விற்பவர் உங்களைப் பார்க்கும் பார்வையும் மாறும்.